சிலிண்டர் போர் அளவெடுப்பது எப்படி: 70.03 என்று என் காலிப்பர் சொன்ன கதை

அப்பாவின் 1986 மாடல் புல்லட் 350 போன வருஷம் நீலப் புகை தள்ள ஆரம்பித்தது. ஆயிலும் குடித்தது. அவர் இருந்தவரை மாதம் ஒரு முறையாவது துடைத்து, உதைத்து, தெருமுனை வரை போய் வருவார். அவருக்குப் பிறகு வண்டி என் பொறுப்பு. எங்கள் பகுதி மெக்கானிக் அண்ணன் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஆள்காட்டி விரலை விட்டு மேல் விளிம்புக்குக் கீழே ஒரு சுற்று தடவினார். "ஸ்டெப் விழுந்திருக்கு சார். போர் பண்ணணும்" என்றார்.

நான் பி.இ. படித்தவன், இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். விரலால் தடவிச் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவோமா? வீட்டிலிருந்து டிஜிட்டல் காலிப்பரைக் கொண்டுபோய், சிலிண்டரின் வாயில் வைத்துத் திறந்தேன். 70.03 காட்டியது. திருப்பி வைத்தேன், 70.03. குறுக்கே வைத்தேன், 70.02. புல்லட் 350-இன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சி.சி. அதாவது கம்பெனி அளவு அப்படியே இருக்கிறது! "தேயவே இல்லைண்ணே, ரிங் மட்டும் மாத்துங்க" என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரிங் மட்டும் மாற்றினார்.

சில நூறு கிலோமீட்டரில் மேல் ரிங் உடைந்தது. உடைந்த துண்டு பிஸ்டனின் ரிங் பள்ளத்தைக் கடித்து, சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடும் போட்டுவிட்டது.

காலிப்பரில் பழுது எதுவும் இல்லை. அது சொன்ன 70.03 சரியான அளவுதான். நான் அளந்த இடம்தான் தப்பு. அதன் பிறகு ஒரு சிலிண்டரை எப்படி அளக்க வேண்டும் என்று தேடிப் படித்ததும், இரவல் வாங்கிய கருவிகளோடு நாலைந்து நாள் மல்லுக்கட்டியதும்தான் இந்தக் குறிப்பு.

எங்கே தேய்கிறது?

சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. இது தெரியாமல் எந்தக் கருவியைத் தூக்கினாலும் பிரயோஜனமில்லை.

பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்புகிறது அல்லவா, அந்த இடத்தை எடுத்துக்கொள்வோம். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஆயில் படலம் நிலைத்திருக்க வேகம் வேண்டும். திரும்பும் கணத்தில் வேகம் பூஜ்யம், படலம் அறுந்துவிடும். எரியும் வாயு மேல் ரிங்கின் பின்பக்கம் புகுந்து, அதைச் சுவரோடு வைத்து அழுத்துவதும் அதே நேரத்தில்தான். சூடு அதிகமாக இருப்பதும் அங்கேதான். மூன்றும் சேர்ந்து, மேல் ரிங் திரும்பும் கோட்டில் சுவரை அரித்துவிடுகின்றன. அதற்குக் கீழே போகப் போகத் தேய்மானம் குறையும்.

அந்தக் கோட்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ரிங் போவதே இல்லை. அந்தப் பகுதி தேயாமல் பழைய அளவிலேயே நிற்கும். அதுதான் மெக்கானிக் விரலில் தட்டுப்பட்ட ஸ்டெப். காலிப்பரில் உள்ளளவு எடுக்கும் தாடைகள் நேரானவை, ஒன்றரை செ.மீ. அளவுக்கே இறங்கும். உள்ளே விட்டு விரித்தால் முதலில் இடிக்கும் குறுகலான இடம் எதுவோ அங்கே நின்றுவிடும். அந்தக் குறுகலான இடம் இந்த ஸ்டெப்தான்! தேயாத ஒரே இடத்தைத் தேடிப்பிடித்து அளந்துவிட்டு, தேயவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ரிங் உடைந்ததும் அதனால்தான். பழைய ரிங்கின் மேல் விளிம்பு பல வருஷம் ஓடி அந்த ஸ்டெப்புக்கு ஏற்ப மழுங்கியிருந்தது. புது ரிங்கின் விளிம்பு கூர்மை. ஒவ்வொரு சுற்றிலும் போய் இடித்திருக்கிறது.

இன்னொரு விஷயம், தேய்மானம் வட்டமாகவும் இருக்காது. கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்கும்போது பிஸ்டனை ஒரு பக்கச் சுவரில் தள்ளுகிறது. பவர் ஸ்ட்ரோக்கில் ஒரு பக்கம், கம்ப்ரஷனில் எதிர்ப்பக்கம். வண்டியில் இது முன்-பின் திசை. பிஸ்டன் பின் இருக்கும் திசையில் (புல்லட்டில் இடம்-வலம்) இந்தத் தள்ளல் இல்லை. ஆகவே போர் முன்-பின்னாகக் கொஞ்சம் முட்டை வடிவமாகிவிடும்.

அதனால்தான் எந்த மேனுவலை எடுத்தாலும் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், மொத்தம் ஆறு அளவு எடுக்கச் சொல்கிறார்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கூம்புத்தன்மை, இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவல். எந்த உயரம் என்பது முக்கியம். 'மேல்' என்றால் சிலிண்டரின் வாய் அல்ல, ஸ்டெப்புக்குச் சற்றுக் கீழே.

எவ்வளவு துல்லியம் வேண்டும்?

ஒரு தலைமுடியின் தடிமன் சுமாராக 0.07 மி.மீ. பிஸ்டனுக்கும் போருக்கும் விடும் இடைவெளியே அந்த ரகத்தில்தான் இருக்கும். 'இன்னும் ஓட்டலாமா, போர் பண்ணணுமா' என்ற முடிவு சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்களில் தொங்குகிறது. ஆகவே 0.01 மி.மீ. வரை நம்பத்தகுந்த அளவு வேண்டும். திரையில் இரண்டு தசமம் தெரிந்தால் போதாது, அந்த இரண்டாவது தசமம் உண்மையாகவும் இருக்க வேண்டும். என் காலிப்பர் 0.01 வரை காட்டும், ஆனால் அதன் பெட்டியோடு வந்த தாளிலேயே பிழை அதைவிட அதிகம் என்று போட்டிருக்கிறது. நான் படித்ததில்லை. சாஃப்ட்வேர்க்காரனுக்கு மேனுவல் படிக்கும் பழக்கம் ஏது.

காலிப்பருக்கு அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. ஜெர்மனியில் ஜைஸ் நிறுவனத்தோடு வேலை செய்த எர்ன்ஸ்ட் அப்பே 1890-இல் ஒரு விதி சொன்னார்: அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விலகி இருந்தால், நகரும் பாகத்தின் துளி ஆட்டம்கூட அந்த விலகலுக்கு ஏற்பப் பெருகிப் பிழையாகும். காலிப்பரில் அளவுகோல் ஒரு கோட்டில், தாடையின் முனை வேறொரு கோட்டில். மைக்ரோமீட்டரில் திருகாணியும் பொருளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன. அப்பே விதியை மைக்ரோமீட்டர் மதிக்கிறது, காலிப்பர் மதிப்பதில்லை.

அவசரப்பட்டுப் போர் பண்ணிவிடவும் முடியாது. மென்பொருளில் தப்பாக ஒன்றை மாற்றினால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம். வார்ப்பிரும்பைச் சீவிய பிறகு திரும்ப ஒட்ட வழியில்லை. ஒரு சிலிண்டருக்கு இத்தனை ஓவர்சைஸ்தான் என்று கணக்கு உண்டு. 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்று படிப்படியாகப் போய், கடைசிப் படி முடிந்தால் ஸ்லீவ் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு சிலிண்டர் தேட வேண்டும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து தொடங்கி, திருவொற்றியூரில் தலைமுறைகளாகச் செய்யப்பட்ட வண்டி இது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு இன்றும் பாகம் கிடைக்கிறது. ஆனால் அப்பா ஓட்டிய சிலிண்டர் ஒன்றுதான். அதில் ஒரு படியை வீணாக்க எனக்கு மனசில்லை.

போர் கேஜ்

லேத் பட்டறைகளில் இதைப் போர் டயல் என்பார்கள். நீண்ட குழாய், மேலே கடிகாரம் மாதிரி டயல், கீழே டி வடிவத் தலை. தலையில் ஒரு பக்கம் அசையாத முனை, மறுபக்கம் உள்ளே போய் வரும் முனை. நகரும் முனையை ஒட்டி இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கோடு ஒரு பாலம் இருக்கும். அது சுவரில் உட்கார்ந்து, கருவியைத் தானாக விட்டத்தின் மேல் நிறுத்தும்.

இந்தக் கருவிக்கு 70 மி.மீ. என்றால் என்னவென்றே தெரியாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் ஆனது. டயலில் ஊசி எங்கே நின்றாலும், அது 'பூஜ்யம் வைத்த அளவிலிருந்து இவ்வளவு வித்தியாசம்' என்றுதான் சொல்கிறது. பூஜ்யத்தை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நல்ல வழி, 70 மி.மீ. அளவுள்ள ஒரு செட்டிங் ரிங்கில் வைத்துப் பூஜ்யம் பண்ணுவது. அது என்னிடம் இல்லை. அடுத்த வழி, 50-75 மைக்ரோமீட்டரை 70.00-இல் பூட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் இரண்டு முகங்களுக்கு நடுவே போர் கேஜை வைத்து ஆட்டி, ஊசி திரும்பும் புள்ளியைப் பூஜ்யமாக்குவது.

சரி, அந்த மைக்ரோமீட்டர் 70.00 என்று சொல்வதை யார் உறுதிப்படுத்துவது? அதன் பெட்டியில் 50 மி.மீ. நீளமுள்ள ஒரு கம்பி இருக்கும். அதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். நான் இரவல் வாங்கியது 50.02 என்று காட்டியது! சாவியால் திருகிச் சரிசெய்யாமல் போயிருந்தால் எல்லா அளவும் 0.02 பிசகியிருக்கும். அந்தக் கம்பியை ஒரு கேஜ் பிளாக்கோடு ஒப்பிட்டிருப்பார்கள், அந்தப் பிளாக்கை இன்னொன்றோடு. மேலே போய்க்கொண்டே இருக்கும் சங்கிலி இது. டேட்டாபேஸில் ஃபாரின் கீ பிடித்துக்கொண்டு மூல அட்டவணையைத் தேடிப் போவது மாதிரி.

இந்தக் கேஜ் பிளாக்குகளுக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா ஊர் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த யோஹான்சன், 1896-இல் ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பிளாக் என்று குவித்து வைத்திருந்தார்களாம். ரயிலில் திரும்பும்போது அவர் யோசித்தது: கொஞ்சம் பிளாக்குகளைச் சரியான அளவுகளில் செய்து, வேண்டியதைச் சேர்த்து ஒட்டிக்கொண்டால் எந்த அளவும் கிடைக்குமே! 102 பிளாக்குகள் கொண்ட தொகுப்பில் 20,000 அளவுகள் வரும்படி கணக்குப் போட்டார். வீட்டில் மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்து அதில் பிளாக்குகளைத் தேய்த்து மெருகேற்றினாராம். அந்த அம்மா என்ன சொன்னாரோ.

ஆட்டிப் பார்ப்பது

போர் கேஜை உள்ளே விட்டதும் அப்படியே படித்துவிடக்கூடாது. கைப்பிடியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட வேண்டும். கேஜ் சாய்ந்திருந்தால் அது அளப்பது விட்டத்தை அல்ல, சாய்ந்த கோட்டை. சாய்ந்த கோடு எப்போதும் நீளம் அதிகம். ஆகவே ஆட்டும்போது வரும் மிகக் குறைந்த அளவுதான் உண்மை விட்டம். எவ்வளவு பிசகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 70 மி.மீ. போரில் 2 டிகிரி சாய்ந்தால் 0.043 மி.மீ. அதிகம் காட்டும். 2 டிகிரியைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் அந்த 0.043 ஒரு ஓவர்சைஸ் முடிவையே மாற்றிவிடும்.

குறுக்குத் திசையில் இது தலைகீழ். விட்டத்திலிருந்து விலகினால் அது நாண், நாண் எப்போதும் விட்டத்தைவிடச் சின்னது. அங்கே மிகப் பெரிய அளவுதான் உண்மை. ஒரு திசையில் குறைந்தபட்சம், மற்றத் திசையில் அதிகபட்சம், குதிரைச் சேணம் மாதிரி. குறுக்குத் திசையை அந்த ஸ்பிரிங் பாலம் பார்த்துக்கொள்வதால் நமக்கு ஒரு ஆட்டம் மட்டும் போதும்.

அடுத்த கண்ணி ஊசியின் திசை. போர் பெரிதானால் முனை வெளியே நீள்கிறது, ஊசி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும். சாதாரண டயலில் பழகியவர்கள் அதைக் குறைவு என்று படித்துவிடுவார்கள். முதல் நாள் என் நோட்டில் 69.81 என்று எழுதியிருக்கிறேன். நாற்பது வருஷ சிலிண்டர் கம்பெனி அளவைவிடச் சின்னதாக வளர்ந்திருக்கிறது! பிளஸ் மைனஸ் தப்பு. வேலையில் எத்தனை பேர் கோடில் இதைக் கண்டுபிடித்துக் கிண்டல் பண்ணியிருப்பேன்.

திருத்திய பிறகு வந்த அளவுகள் இவை. ஸ்டெப்புக்குக் கீழே முன்-பின் 70.19, இடம்-வலம் 70.13. நடுவில் 70.11, 70.08. கீழே 70.05, 70.04. ரிங்கே தொடாத அடிப்பகுதியில் இரண்டு திசையிலும் 70.03. காலிப்பர் மேல் விளிம்பில் சொன்னதும் இதே 70.03.

ஒரே இடத்தைப் பத்து தடவை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கேஜை வெளியே எடுத்து, மறுபடி விட்டு, முந்தைய அளவைப் பார்க்காமல் எழுதினேன். முதல் நாள் பத்து அளவும் 0.04 அகலத்துக்குச் சிதறின. மூன்றாம் நாள் 0.01-க்குள் வந்தன. கருவி அதேதான், கை பழகியிருக்கிறது. முதல் நாள் அளவை வைத்து முடிவெடுத்திருந்தால் அது என் கை நடுக்கத்தின் அளவாக இருந்திருக்கும். அளவு எழுதும்போது பக்கத்தில் 'எத்தனை தடவை எடுத்தேன், எவ்வளவு சிதறியது' என்றும் எழுதுங்கள்.

ரிங்கே கருவி

இந்த எண்களை மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் பேசாமல் ஒரு ரிங்கை எடுத்து சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி அடிவரை இறக்கினார். ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஃபில்லர் கேஜ் விட்டார், 0.35 போனது. பிறகு ரிங்கை மேலே ஸ்டெப்புக்குக் கீழே கொண்டுவந்து மறுபடி விட்டார். 0.70 போனது. "டபுள் ஆயிடுச்சு பாத்தீங்களா" என்றார்.

எனக்கு உறைத்தது கொஞ்சம் தாமதமாகத்தான். ரிங்கின் இடைவெளி, சுற்றளவு கூடுகிற அளவுக்குக் கூடும். சுற்றளவு என்பது விட்டத்தைப் போல 3.14 மடங்கு. அதாவது ரிங் ஒரு உருப்பெருக்கி: விட்டத்தில் 0.10 கூடினால் இடைவெளியில் 0.31 கூடும். அவர் கண்ட வித்தியாசம் 0.35. அதை 3.14-ஆல் வகுத்தால் 0.111. என் போர் கேஜ் கணக்கில் மேல் சராசரி 70.16, கீழ்ச் சராசரி 70.045, வித்தியாசம் 0.115. மூன்று நாள் உழைப்புக்கும் ஒரு நிமிஷ வேலைக்கும் நடுவே வித்தியாசம் 0.004 மி.மீ.!

மைக்ரோமீட்டர் பூஜ்யம் பிசகினாலும் இந்த முறை பாதிக்காது. ஒரே ரிங், இரண்டு இடம், வித்தியாசம் மட்டும். ஆனால் இரண்டு விஷயங்களை அது சொல்லாது. ரிங் சுற்றளவை அளப்பதால் ஓவல் தெரியாது. போர் உண்மையில் 70-ஆ, 70.5-ஆ என்றும் தெரியாது. வீட்டில் ஃபில்லர் கேஜ் மட்டும் வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். பெரிய தேய்மானம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

விட்டம் சொல்லாதது

எல்லாத் திசையிலும் விட்டம் ஒன்றாக இருந்தால் அது வட்டம் என்று நினைக்கிறோம். அது உண்மையல்ல. பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயம் 1969 முதல் ஏழு பக்கத்தோடு இருக்கிறது, ஆனால் எப்படி உருட்டினாலும் அதன் அகலம் மாறாது. ரிச்சர்ட் ஃபைன்மன் 1986-இல் சேலஞ்சர் விபத்து விசாரணையில் கேட்டதும் இதைத்தான். ராக்கெட் பூஸ்டரின் பகுதிகள் வட்டமாக இருக்கின்றனவா என்று மூன்று விட்டங்களை அளந்து பார்த்தார்கள், மூன்று விட்டமும் சமமாக இருப்பதால் மட்டும் வட்டமாகிவிடாது என்று படம் போட்டு விளக்கினார். இரண்டு முனைக் கருவியால் மூன்று மூலை உப்பலைப் பிடிக்க முடியாது. பழைய சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் ஓவல்தான் என்பதால் நம் வேலைக்கு இது அவ்வளவு தொல்லை இல்லை.

தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. என் சிலிண்டரில் அதிகபட்சத் தேய்மானம் 70.19-இலிருந்து 70.03 போனால் 0.16. ஆகவே 0.25 ஓவர்சைஸ் தாராளமாகப் போதும், 0.09 மிச்சம் என்று எழுதிவைத்திருந்தேன். போரிங் பட்டறை பெரியவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சுல க்ளீன் ஆகாதுங்க, ஐம்பது போயிடுங்க" என்றார். இந்த முறை நான் வாதாடவில்லை, ஏன் என்று கேட்டேன்.

0.16 என்பது இரண்டு பக்கத் தேய்மானத்தின் கூட்டுத்தொகை. பக்கத்துக்கு 0.08 என்று பிரிந்திருக்கும் என்று நானாக எடுத்துக்கொண்டேன். பவர் ஸ்ட்ரோக்கில் தள்ளும் பக்கம்தான் அதிகம் தேயும். ஒரு பக்கம் 0.13, மறுபக்கம் 0.03 என்றிருந்தால்? 0.25 ஓவர்சைஸ் என்றால் பக்கத்துக்கு 0.125 மட்டும்தான் சீவப்படும். 0.13 ஆழத்துக்குத் தேய்ந்த இடத்தில் டூல் சுவரையே தொடாது, பழைய தேய்மானம் ஒரு கறையாக மிஞ்சும். போர் கேஜ் விட்டத்தைச் சொல்லும், எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்லாது. போதாக்குறைக்கு உடைந்த ரிங் போட்ட கோடு வேறு. கேஜின் உருண்டை முனை அந்தக் கோட்டின் மேல் பாலம் மாதிரி நின்றுவிடுகிறது, அதன் ஆழம் டயலில் வரவே இல்லை. நகத்தால் கீறினால் தட்டுகிறது.

தேய்ந்த பக்கமாக மையத்தை நகர்த்தி வைத்துச் சீவினால் 0.25-லேயே சுத்தமாகிவிடுமே என்றும் கேட்டேன். அவர் சிரித்தார். அப்படிச் சீவினால் சிலிண்டரின் அச்சு கிராங்க்கிலிருந்து விலகிவிடும். நல்ல பட்டறையில் தேயாத இடத்தை வைத்துத்தான் மையம் பிடிப்பார்கள், என் சிலிண்டரில் அந்த 70.03 பகுதி. உங்கள் பட்டறையில் எதை வைத்து மையம் பிடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இது 250 வருஷப் பிரச்சினை. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் ஆண்டுக்கணக்கில் உருப்படாமல் கிடந்ததற்கு ஒரு காரணம், ஒழுங்கான சிலிண்டர் கிடைக்காதது. அன்றைய துளைக் கருவிகள் வார்ப்பில் இருந்த ஓட்டையின் வளைவையே பின்தொடர்ந்து போகும். ஜான் வில்கின்சன் 1775 வாக்கில் செய்த எந்திரத்தில், வெட்டும் கம்பி சிலிண்டரின் வழியாக நீண்டு, இரண்டு முனையிலும் தாங்கப்பட்டிருந்தது. ஓட்டை எப்படிப் போனாலும் டூல் தன் அச்சில்தான் போகும். அடுத்த வருஷம், 50 அங்குலச் சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுக்குக்கூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் மகிழ்ந்து எழுதினார். நாணயத் தடிமனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சூடு

நீள அளவுக்கெல்லாம் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 1931-இல் சர்வதேச எடை அளவுக் குழு ஏற்றுக்கொண்டது, ஐஎஸ்ஓ அமைப்பு 1951-இல் வெளியிட்ட முதல் பரிந்துரையே இதுதான். சென்னை மே மாதப் பட்டறையில் 20 டிகிரிக்கு எங்கே போவது?

நல்லவேளை, அவ்வளவு கவலைப்பட வேண்டாம். வார்ப்பிரும்பும் மைக்ரோமீட்டரின் எஃகும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி விரிகின்றன. இரண்டும் ஒரே இடத்தில் ஒரு இரவு கிடந்தால் பிழை பெரும்பாலும் கழிந்துவிடும். நான் செய்த தப்பு, மைக்ரோமீட்டரை ஏசி அறையில் வைத்து பூஜ்யம் பண்ணிவிட்டு 36 டிகிரிப் பட்டறைக்குக் கொண்டுபோனது. 12 டிகிரி வித்தியாசத்துக்கு 70 மி.மீ. எஃகு கிட்டத்தட்ட 0.01 மி.மீ. நீளும். அலுமினியப் பிஸ்டன் அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். ஏசியில் அளந்த பிஸ்டனையும் வெயிலில் அளந்த போரையும் கழித்து இடைவெளி என்று எழுதினால், அந்த எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் வெயில். மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டே இருப்பதும் அதே தப்புதான், உள்ளங்கைச் சூட்டில் சட்டம் விரியும். ஸ்டாண்டில் வையுங்கள்.

பிஸ்டன் முதலில்

நான் பட்டறைக்கு வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் "70.50-க்குப் பண்ணிடுங்க" என்றேன். பெரியவர் திருப்பி அனுப்பிவிட்டார். "பிஸ்டன் எங்க?"

0.50 ஓவர்சைஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது ஒரு பெயர்தான். இன்னும் சில பெட்டிகளில் 20 என்று இருக்கும், அது தௌ கணக்கு. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, 20 தௌ என்பது 0.508 மி.மீ. ஆகவே பிஸ்டனை முதலில் வாங்கி, அளந்து, அதற்கு மேல் மேனுவல் சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குப் போர் பண்ணச் சொல்ல வேண்டும்.

பிஸ்டனை எங்கே அளப்பது என்பதும் முக்கியம். அது உருளை அல்ல. தலை அதிகம் சூடாவதால் தலைப்பக்கம் சிறுத்தும், பின் திசையில் சற்று ஒடுங்கியும் செய்திருப்பார்கள். பின்னுக்குக் குறுக்கே, பாவாடைப் பகுதியில், மேனுவல் சொல்லும் உயரத்தில் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். தலையில் வைத்து அளந்தால் பிஸ்டன் ரொம்பச் சின்னதாகத் தெரியும். அதை நம்பிப் போரையும் சின்னதாகப் பண்ணினால் முதல் நெடும்பயணத்திலேயே ஜாம்.

ஜி.பி. ரோடில் பிஸ்டன் வாங்கினேன். கடையிலேயே மைக்ரோமீட்டரை எடுத்து அளக்க ஆரம்பித்ததும், கடைக்காரர் ஸ்டூல் போட்டார். மூன்று பெட்டி பிரித்துப் பார்த்ததில் 0.01 வித்தியாசத்தில் இருந்தன.

பெரியவர் கணக்கிட்ட அளவுக்கு 0.05 குறைவாகவே டூலை நிறுத்தி, மிச்சத்தை ஹோனிங் கல்லில் முடித்தார். சிலிண்டர் கைக்கு வந்ததும் உடனே அளக்க விடவில்லை. "சூடா இருக்குது, டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். திரும்பி வந்து ஆறு இடத்திலும் போர் கேஜை விட்டேன். ஆறும் 0.01-க்குள். மெக்கானிக் அண்ணனும் கூட வந்திருந்தார். நான் நோட்டில் எழுதி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அவர் பங்குக்கு விரலை உள்ளே விட்டு ஒரு சுற்று தடவிப் பார்த்தார். "ம்" என்றார். நோட்டில் ஏழாவது அளவாக அதையும் எழுதிக்கொண்டேன்.